வாழப்பாடியில் இருந்த பிரதி

கோழிப்பண்ணை வாசம் உடுப்பில் ஏறாமல் ஜெர்லின் வீடு திரும்பும் நாட்கள் மாதத்தில் பத்துகூடத் தேறாது. சேலம் சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தோமினிக் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கம்ப்யூட்டர் படித்தபோது, இவளாவது வெயில் படாத அறையில் உட்கார்ந்து சம்பாதிப்பாள் என்று நினைத்தார். நடந்தது வேறு. ஏழு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். அந்தக் கம்பெனி நாமக்கல் பக்கத்துக் கோழி ஷெட்டுகளின் காற்றையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் கருவிக்கு நிரல் எழுதியது. எழுதிய நிரலைக் கருவியில் ஏற்றிப் பார்க்க யாராவது பண்ணைக்குப் போக வேண்டும். முதல் வருடத்திலேயே அது ஜெர்லினின் வேலையாகிவிட்டது. பதினோரு வருடமாக அப்படித்தான்.

வேலையில் அவளைக் கறார்க்காரி என்பார்கள். எந்தப் பண்ணையில் எத்தனை ஷெட், எந்த ஷெட்டில் எந்த வகை சர்க்யூட் போர்டு, எப்போது எந்தப் பதிப்பு ஏற்றப்பட்டது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். ஆபீசில் சந்தேகம் வந்தால் முதலாளி மணியன்கூட, "ஜெர்லின் லிஸ்ட்ட பாருங்க" என்றுதான் சொல்வார். அந்தப் பட்டியல் ஒரு நாளும் பொய்த்ததில்லை, மே மாதத்து அந்தப் புதன்கிழமை வரை.

அன்று காலை பத்து மணிக்கு அவள் நாமக்கல் சாலையில் உள்ள தெய்வநாயகியின் பண்ணைக்கு வந்திருந்தாள். தெய்வநாயகிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு பண்ணையைத் தனியாக நடத்துபவர். நான்கு ஷெட்டுகள், ஒவ்வொன்றிலும் இருபத்திரண்டாயிரம் முட்டைக்கோழிகள். எல்லாம் மூடிய ஷெட்டுகள். ஜன்னல் கிடையாது. ஒரு முனையில் தண்ணீர் வழிந்தபடி இருக்கும் அட்டைச் சுவர், மறுமுனையில் ஆள் உயரத்துக்குப் பன்னிரண்டு மின்விசிறிகள். பேன்கள் இழுக்க இழுக்க, ஈரச் சுவர் வழியாகக் காற்று குளிர்ந்து உள்ளே வரும். வெளியே நாற்பது டிகிரி கொளுத்தினாலும் உள்ளே இருபத்தொன்பதைத் தாண்டாது. பேன்கள் நின்றால் நிலைமை தலைகீழ். இருபத்திரண்டாயிரம் உடம்புகளின் சூடு வெளியேற வழியில்லாமல் ஷெட் அடுப்பாகிவிடும். எந்த நேரத்தில் எத்தனை பேன் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது, சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள்தான் ஜெர்லினின் கம்பெனி எழுதிய நிரல் இருந்தது.

அன்றைய வேலை எளிது. புதிய பதிப்பை நான்கு ஷெட்டுகளிலும் ஏற்ற வேண்டும். முதல் மூன்றும் மளமளவென்று முடிந்தன. பதினொன்றே முக்காலுக்கு நான்காம் ஷெட்டின் பெட்டியோடு லேப்டாப்பை இணைத்தாள். பட்டியலில் புதிய போர்டு என்று இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை. மற்ற மூன்றும் அதே வகைதானே என்ற நினைப்பு. புதிய நிரலை ஏற்றினாள். பெட்டியின் விளக்கு பச்சையாக மின்னி, அணைந்து, மறுபடி மின்னி, அணைந்தது. அப்படியே மின்னுவதும் அணைவதுமாக நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

பிறகுதான் சத்தம் குறைவது கேட்டது. பன்னிரண்டு பேன்களும் ஒவ்வொன்றாக வேகம் இழந்து, கடைசியாக ஒன்று இறக்கையைச் சோம்பலாக ஒரு சுற்று சுற்றி நின்றது. அந்த அமைதியில் கோழிகளின் கொக்கரிப்பு திடீரென்று பெரிதாகக் கேட்டது.

ஜெர்லின் மூடியின் திருகாணிகளைக் கழற்றினாள். அவசரத்தில் ஒரு திருகாணி தரையில் விழுந்து உருண்டது. உள்ளே இருந்தது பழைய போர்டு. இரண்டு வருடங்களுக்கு முன்பே மாற்றிவிட்டதாக அவள் கையாலேயே பட்டியலில் எழுதியிருந்த அதே போர்டு. மாற்ற வேண்டும் என்று பேசியிருந்தார்கள். பேசியதையே நடந்ததாக எழுதிவிட்டாள்.

பண்ணையின் எலக்ட்ரீசியன் வீரபாகு ஓடி வந்தார். நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, பக்கத்துச் சுவரில் இருந்த கைவிசைகளைத் தட்டினார். ஐந்து பேன்கள் சுழலத் தொடங்கின. ஈரச் சுவருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் ஓடியது.

"மத்ததும் போடுங்கண்ணா," என்றாள் ஜெர்லின்.

"அஞ்சுதானுங்க ஓடும். மீதி ஏழுக்கும் இந்தப் பக்கத்து வயரெல்லாம் எலி கடிச்சு வெச்சிருச்சு. பெட்டி வழியாத்தான் ஓடிட்டு இருந்துச்சுங்க. அடுத்த வாரம் மாத்தறதா இருந்தனுங்க."

"நேரடியா கனெக்‌ஷன் குடுக்க முடியுமா?"

"குடுக்கலாம். மேல ஏறி ஒவ்வொண்ணா இழுக்கோணும். ஒண்ணுக்கு இருவது நிமிசம் புடிக்குமுங்க." சொல்லிக்கொண்டே ஏணியை எடுக்கப் போய்விட்டார்.

சுவரில் தனியாக மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். முப்பது. நேரம் பன்னிரண்டு ஆகப் போகிறது. வெயில் இன்னும் மூன்று மணி நேரம் ஏறும்.

தெய்வநாயகி சத்தம் மாறியதைக் கேட்டே வந்துவிட்டார். "ஏங்கண்ணு, காத்து கொறஞ்சு போச்சு, என்னாச்சு?"

"நாலாவது ஷெட்டுல நான் ஏத்துனது தப்பான ப்ரோக்ராம்மா. பெட்டி எந்திரிக்க மாட்டேங்குது. பழசத் திரும்பப் போட்டா சரியாயிரும்."

"அப்பப் போடு சாமி."

பழையதைப் போடுவது பெரிய காரியமல்ல என்றுதான் ஜெர்லினும் நினைத்தாள். அவர்கள் எழுதும் நிரல்களின் ஒவ்வொரு மாற்றமும், யார் செய்தது, என்றைக்குச் செய்தது, எதற்காகச் செய்தது என்ற குறிப்போடு ஒரு களஞ்சியத்தில் அடுக்கப்பட்டிருக்கும். ரெப்போ என்பார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய பதிப்பையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எடுத்துக் கொடுத்துவிடும். லேப்டாப்பில் கட்டளையைத் தட்டினாள். பழைய போர்டின் கடைசிப் பதிப்பு பட்டியலில் தெரிந்தது. தேதி தெரிந்தது. எழுதியவர் பெயரும் தெரிந்தது: குமரகுரு. ஆனால் பதிப்பைத் திறக்கச் சொன்னதும் திரை அப்படியே நின்றது. ஒரு நிமிடம் கழித்துச் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: சர்வர் பதில் தரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. போன மாதம் லேப்டாப்பில் இடம் போதாமல் ரெப்போவின் முழுப் பிரதியை அழித்துவிட்டு, மெல்லிய பிரதி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். அதில் பழைய பதிப்புகளின் பெயரும் அடையாளமும் மட்டும் இருக்கும். உள்ளடக்கம் ஆபீஸ் சர்வரிலேயே தங்கிவிடும். தேவைப்படும்போது லேப்டாப் சர்வரிடம் கேட்டு, விடுபட்டதை இழுத்துக்கொள்ளும். சர்வர் இருக்கும்வரை வித்தியாசமே தெரியாது.

மணியனுக்குப் போன் போட்டாள். அவர் வெளியூரில், ஆத்தூரில் ஒரு மில்லில் இருந்தார்.

"இன்னைக்கு ஆபீஸ் ஏரியாவுல மாசாந்திரப் பராமரிப்பு ஜெர்லின். காலையில ஒம்பது மணிக்குக் கரண்ட் எடுத்துட்டாங்க, அஞ்சு மணிக்குத்தான் வரும். யூபிஎஸ் எல்லாம் எப்பவோ தீர்ந்திருக்கும். ஆபீசுல ஆளும் இல்ல, இன்னைக்கு எல்லாரும் வீட்ல இருந்துதானே வேலை பாக்கறாங்க."

"பேக்கப் டிஸ்க்?"

"அதுவும் அதே ரூம்லதான் இருக்கு. நான் இப்பவே கிளம்பி வந்து, சர்வரத் தூக்கிட்டு கரண்ட் இருக்கற எடத்துக்குப் போனாக்கூட ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அவ்வளவு நேரம் இல்ல சார்."

"மத்தவங்ககிட்ட முழுக் காப்பி யாருகிட்டயாவது இருக்கா, கேட்டுப் பாரு."

கேட்டுப் பார்த்தாள். நிரல் எழுதும் மற்ற மூன்று பேரிடமும் கேட்டாள். புதிதாகச் சேர்ந்த அவர்கள் மூவரும் மெல்லிய பிரதியே எடுத்திருந்தார்கள். அப்படி எடுக்கும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது. கூண்டுகளில் கோழிகள் அலகைத் திறந்துவிட்டன. இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, தொண்டை துடிக்க மூச்சு வாங்கின.

இன்னும் ஒரே ஒரு ஆள் பாக்கி. அந்தப் பெயர் திரையிலேயே இருந்தது.

குமரகுரு வாழப்பாடிக்காரன். பழைய போர்டின் நிரல் முழுவதையும் எழுதியவன். ஜெர்லினும் அவனும் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர்கள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பண்ணையில் வெப்ப அளவு தவறாகக் காட்டி, ஒரே இரவில் நிறையக் கோழிகள் செத்தன. எந்த வரியில் பிழை, அந்த வரி யாருடையது என்று ரெப்போவில் பார்த்தார்கள். குமரகுருவின் பெயர் இருந்தது. மணியன் எல்லோர் முன்னாலும் அவனைக் கேள்வி கேட்டார். அந்த வரியை அப்படி எழுதச் சொன்னது ஜெர்லின். டீ குடிக்கும்போது வாயால் சொன்னது. எங்கேயும் பதிவாகவில்லை. குமரகுரு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அவன் வேலையை விட்டான். கம்பெனி நிரலின் எல்லாப் பிரதிகளையும் என் கணினிகளிலிருந்து அழித்துவிட்டேன் என்ற தாளில் அவனிடம் கையெழுத்து வாங்கியதும் ஜெர்லின்தான். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

போனைக் காதில் வைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. ஷெட்டுக்குள் சிக்னலும் சரியாக இல்லை. லேப்டாப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, ரோட்டோரக் கேட்டருகே நின்று குரல் பதிவு ஒன்றை அனுப்பினாள். "குமரகுரு, ஜெர்லின் பேசறேன். தெய்வநாயகி அம்மா பண்ணையில நாலாவது ஷெட் நின்னுருச்சு. பழைய போர்டு. சர்வர் டவுன். உங்ககிட்ட ஏதாவது இருந்தா… தயவுசெஞ்சு கூப்பிடுங்க."

ஐந்து நிமிடம் கழித்துப் போன் அடித்தது.

"சொல்லுங்க மேடம்," என்றான் குமரகுரு. முன்பெல்லாம் ஜெர்லின் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவன்.

சுருக்கமாகச் சொன்னாள்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன்னுதான் உங்ககிட்ட கையெழுத்து போட்டுக் குடுத்தேனே."

கேட்டின் இரும்பு கையைச் சுட்டது. அவன் பொய் சொல்கிறானா, உண்மையிலேயே அழித்துவிட்டானா, இல்லை அவள் தன் வாயைக் கிளறிப் பார்க்கிறாள் என்று பயப்படுகிறானா, எதுவும் தெரியவில்லை.

"அழிச்சிருந்தா நான் வேற வழி பாக்கறேன்," என்றாள். "அழிக்காம இருந்தா, நான் கேட்டுத்தான் குடுத்தீங்கன்னு மணியன் சார்கிட்ட நானே சொல்றேன். எழுத்துல தர்றேன்."

"அன்னைக்கும் நீங்க சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"வாயத் தொறக்கலியே."

"ஆமா. தப்புதான். நான் சொல்லித்தான் அந்த வரிய எழுதினீங்க. நான் பயந்துட்டேன்."

எதிர்முனையில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. பிறகு அவன் கேட்டான்: "உள்ள எத்தன டிகிரி?"

"முப்பத்தி மூணு இருக்கும்."

"எத்தன பேன் ஓடுது?"

"அஞ்சு. வீரபாகு அண்ணன் ஆறாவதுக்கு ஏறியிருக்காரு."

"பழைய லேப்டாப் பரண்ல கெடக்கு. பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜர்லயே போட்டுத்தான் எழுப்பணும். லைன்லயே இருங்க."

அந்த எட்டு நிமிடத்தில் ஆறாவது பேன் ஓடத் தொடங்கியது. ஆனாலும் வெப்பம் முப்பத்துநான்கரைக்கு ஏறிவிட்டது. தெய்வநாயகி பணியாட்களோடு சேர்ந்து குழாய்த் தண்ணீரைக் கூரைத் தகடுகளின் மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"எந்திரிச்சிருச்சு," என்றான் குமரகுரு. "முழு ரெப்போ இருக்கு. நான் விட்டுட்டுப் போன நாள் வரைக்கும் எல்லாம் இருக்கு. என் மெஷினையே உங்களுக்கு சர்வர் மாதிரி தெறந்து விடறேன். அட்ரஸ் அனுப்பறேன், இழுத்துப் பாருங்க."

ஜெர்லின் கேட்டருகே தரையில் உட்கார்ந்து, போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்தாள். ஆபீஸ் சர்வரின் முகவரி இருந்த இடத்தில் வாழப்பாடி முகவரியைப் போட்டாள். தேவைப்பட்டவை மூன்று: அமைப்புக் கோப்பு, போர்டை எழுப்பும் சின்ன நிரல், பெரிய முதன்மை நிரல். கட்டளை தட்டியதும் அமைப்புக் கோப்பு வந்தது. சின்ன நிரல் வந்தது. முதன்மை நிரல் நாற்பத்தொரு சதவீதத்தில் நின்று, அறுந்தது. மறுபடி இழுத்தாள். பூஜ்யத்திலிருந்து தொடங்கி முப்பதில் அறுந்தது. மூன்றாம் முறை பன்னிரண்டு சதவீதம்கூட வரவில்லை.

"லைன் நிக்கல குமரகுரு."

"அப்ப அந்த ஒரு ஃபைல மட்டும் வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா போடறேன். விட்டு விட்டு வந்தாலும் வந்து சேந்துரும்."

வந்து சேர்ந்தது. பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு. தெய்வநாயகியின் மொபெட்டில் பின்னால் ஏறி, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நான்காம் ஷெட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. முப்பத்தாறரை. கீழ் வரிசைக் கூண்டுகளில் சில கோழிகள் கழுத்தை முன்னால் நீட்டிப் படுத்துவிட்டன.

ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருந்தது. ரெப்போவில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட, எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த நீளமான ஒரு குறியீடு உண்டு. விரல்ரேகை மாதிரி. உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் ரேகை முழுவதும் மாறிவிடும். உள்ளடக்கம் இல்லாத அவளுடைய மெல்லிய பிரதியிலும் ரேகை மட்டும் பத்திரமாக இருந்தது. அதனால் கோப்பு யாரிடமிருந்து வந்தாலும், எந்த வழியில் வந்தாலும், அது அசல்தானா என்று சொல்லிவிடலாம். வந்த கோப்பின் ரேகையைக் கணக்கிட்டாள். முதல் நான்கு எழுத்துகளிலேயே தெரிந்துவிட்டது. பொருந்தவில்லை.

"என்ன கண்ணு, வந்துருச்சில்ல?"

"வந்துருச்சும்மா. ஆனா இது அதே ஃபைல் இல்ல."

"பின்ன என்ன இது?"

"தெரியல. ஏதோ மாறியிருக்கு."

தெய்வநாயகி கூண்டுகளைப் பார்த்தார். கீழே ஒரு கோழி கால்களை உதறிவிட்டு அடங்கியது. "கிட்டத்தட்ட அதுதானேம்மா. இருக்கறதப் போட்டு உடு. ஓடற வரைக்கும் ஓடட்டும்."

ஜெர்லினின் விரல் விசையின் மேல் இருந்தது. போட்டுவிடலாம் என்றுதான் கையும் சொன்னது. ஓடினால் இந்த நொடியே காற்று வரும். ஓடாமல் போனால்? இந்தப் பழைய போர்டு இன்னொரு தவறான ஏற்றத்தைத் தாங்குமா என்பது சந்தேகம். முற்றிலும் செத்துவிட்டால் பிறகு அசல் கிடைத்தாலும் போட இடமிருக்காது. மாறியது என்னவென்று தெரியாமல் போடுவது, மூடியைக் கழற்றாமல் போட்டதைப் போலத்தான்.

"ரெண்டு நிமிசம் குடுங்கம்மா. தெரியாம ஒரு தடவ போட்டுட்டேன். மறுபடி அதையே செய்ய மாட்டேன்."

தெய்வநாயகி அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு தன் போனை நீட்டினார். "என்ற போனுல பேசு. கதவுகிட்ட நின்னாக் கெடைக்கும்."

"குமரகுரு, ரேகை பொருந்தல. நீங்க இதுல கை வெச்சீங்களா?"

"இல்லியே. அப்படியே எடுத்து…" பேச்சு பாதியில் நின்றது. "இருங்க. போன வருஷம் வீட்ல ஒரு சோதனைக்காக இந்த ஃபைலத் தெறந்து நேர அளவ மாத்துனேன். பதிவு பண்ணல, அப்படியே மூடிட்டேன். நான் அனுப்புனது அந்த மாத்துன ஃபைல். போட்டுட்டீங்களா?"

"போடல."

அவன் மூச்சை விடுவது கேட்டது. "நல்ல வேளை. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ எல்லா பேனையும் நிறுத்திப் பாக்கற மாதிரி வெச்சிருந்தேன். ரெப்போவுக்குள்ள அசல் அப்படியே இருக்கு. அத வெளிய எடுத்து அனுப்பறேன். நீங்க எழுத்த வாசிங்க, நான் இங்கயே சரி பாக்கறேன்."

அவள் ரேகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் அவன் ம் என்றான். நாற்பது எழுத்துகள். வெளியே ஏணியின் மேலிருந்து வீரபாகு ஏழாவது பேனுக்கு வயர் கேட்டுக் கத்தினார். முப்பத்தேழு.

"எல்லாம் சரி. அனுப்பிட்டேன்."

அவளுடைய சொந்த போனின் திரையில் வட்டம் சுற்றியது. ஜெர்லின் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி வெயிலில் ஓடினாள். பாதி வழியில் வட்டம் நின்று, கோப்பு வந்ததாக அடையாளம் விழுந்தது. அங்கேயே மண்தரையில் மண்டியிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்து ரேகையைக் கணக்கிட்டாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இரண்டு முறை பார்த்தாள். பொருந்தியது.

ஏற்றுவதற்கு நான்கு நிமிடம் பிடித்தது. பெட்டியின் விளக்கு மின்னி அணைந்தது. மறுபடி மின்னியது. இந்த முறை அணையாமல் நின்றது. சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடைக்கோடியில் ஒரு பேன் முனகித் திரும்பியது. அதை அடுத்து இன்னொன்று, அதை அடுத்து இன்னொன்று. வீரபாகு வயரை விட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கி வந்தார். ஈரச் சுவர் வழியாக வந்த காற்று ஜெர்லினின் வியர்வையில் நனைந்த சட்டையில் பட்டபோது உடம்பு சிலிர்த்தது. வெப்பமானி முப்பத்தேழரையிலிருந்து இறங்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. அது முப்பதைத் தொடும்வரை யாரும் உட்காரவில்லை.

பணியாட்கள் கூண்டுகளுக்குள் கைவிட்டுச் செத்த கோழிகளை எடுத்து வந்தார்கள். மாலைவரை எடுத்தார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு.

ஜெர்லின் தெய்வநாயகியிடம் நேராகப் போய் நின்றாள். "பெட்டியில கோளாறு இல்லம்மா. நான் மூடியத் தெறந்து பாத்திருக்கோணும். என் லிஸ்ட்டும் தப்பு. கம்பெனிக்கும் இதையேதான் சொல்லப் போறேன்."

தெய்வநாயகி கைகழுவிக்கொண்டிருந்தார். "சொல்லு. சொல்லித்தான் ஆகோணும்," என்றார். குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. களைப்புதான் இருந்தது. "அந்த ரெண்டு நிமிசம் உன்ன அடிச்சிருப்பேன் பாத்துக்க. அவ்வளவு ஆத்திரம். இப்ப அந்தப் பையன் சொன்னதக் கேட்டா, நீ நின்னதுதான் செரி." சற்று நேரம் கழித்து, "ஊட்டுல சாதம் இருக்குது. சாப்புட்டுப் போ," என்றார். ஜெர்லினால் சாப்பிட முடியவில்லை. மோர் மட்டும் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் மணியனிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். தவறான பட்டியல், திறக்காத மூடி, மெல்லிய பிரதி. கடைசியாக, இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த வரி. மணியன் தாளை இரண்டு முறை படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"அவன் பிரதிய வெச்சிருந்தது தப்புதானே?" என்றார்.

"தப்புதான் சார். அவன் பேர்ல ஒரு தப்பு இருக்கு. என் பேர்ல அதவிடப் பெருசா ஒண்ணு இருக்கு."

மணியன் மூன்று மாதத்துக்கு அவளைப் பண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார். ரெப்போவின் முழுப் பிரதி ஒன்று ஊருக்கு வெளியே இன்னொரு சர்வரில் வைக்கப்பட்டது. அதை அமைத்தவளும் ஜெர்லின்தான். ரெப்போவில் பதிந்த பழைய வரலாற்றை மாற்றக் கூடாது என்பது அவர்களுடைய விதி. ஆனால் ஒரு பதிவின் ஓரத்தில் குறிப்பு சேர்க்கலாம். குமரகுருவின் பெயரிலிருந்த அந்த வரியின் பதிவைத் திறந்து, இந்த மாற்றம் என் சொல்லின்படி செய்யப்பட்டது என்று எழுதி, தன் பெயரையும் தேதியையும் போட்டாள். அதைச் சேமித்தபோது ஆபீசில் எல்லோரும் இருந்தார்கள். எழுதியதை எல்லோருக்கும் வாசித்தும் காட்டினாள்.

அடுத்த ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து வாழப்பாடிக்குப் பஸ் ஏறினாள். குமரகுரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தான். வீட்டுக்குக் கூப்பிடவில்லை. எதிரில் இருந்த டீக்கடையில் நின்றார்கள். மணியனின் கடிதத்தைக் கொடுத்தாள். வந்து சேரும்படி அதில் கேட்டிருந்தார். குமரகுரு படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"வர மாட்டேன் ஜெர்லின். இங்கயே வேலை அமைஞ்சு போச்சு."

"புரியுது."

"நீங்க அனுப்புன அந்தக் குறிப்ப தனப்பிரியாகிட்ட போன்ல காட்டுனேன்." தனப்பிரியா அவன் மனைவி. "படிச்சுட்டு, இத அன்னைக்கே எழுதியிருந்தா நீங்க ஒரு வருஷம் தூங்காம கெடந்திருக்க மாட்டீங்களேன்னு கேட்டா."

"எழுதியிருக்கணும்," என்றாள் ஜெர்லின்.

அவன் டீயை ஆற்றிக் குடித்தான். லேப்டாப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அவள் பார்க்கவே அந்தப் பிரதியை அழித்தான். அழிந்துகொண்டிருந்த சில நிமிடங்கள் இருவரும் திரையில் ஓடிய கோடு நிரம்புவதையே பார்த்தார்கள். பிறகு அவன் மகள் பள்ளியில் சேர்ந்ததைப் பற்றிக் கொஞ்சம் பேசினான். அவள் அப்பாவின் முட்டி வலியைப் பற்றி விசாரித்தான். ஆத்தூரிலிருந்து வந்த சேலம் பஸ் உள்ளே திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஜெர்லின் முன்படி வழியாக ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது குமரகுரு டீக்கடைக்காரரிடம் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.